மறு: அயர்ன்வொர்க் – ‘வாட்டம் கொடுத்தல்’ எனலாமா?

அன்பு நண்பர்களுக்கு,

தையலில் இஸ்திரிப் பெட்டியின் சூட்டாலும் ஈரத்தாலும் துணியை உடலின் வளைவுக்குப் பழக்கும் வேலையை ஆங்கிலத்தில் ‘அயர்ன்வொர்க்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் மடல் இழையில் ஐயா ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்:

> ‘வெப்ப வடிவமைப்பு’ என்றே வைத்துக்கொள்ளலாமே. பொருள் தெளிவாகத்தானே இருக்கிறது?

தெளிவுதான் ஐயா. ஆனால் பிளாஸ்டிக் வாளி வார்க்கிற ஆலைக்கும் அதே சொல் பொருந்தும். காரைக்குடியில் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும் தையல்காரர் வாயில் அது வராது.

முதலில் வேலை என்ன என்று பார்ப்போம். வெட்டிய துணி தட்டையாக இருக்கிறது. கால் அப்படி இல்லை. பின்பக்கம் புட்டத்துக்குக் கீழே உள்வாங்கி, கெண்டைச் சதையில் வெளியே வளைகிறது. தையற்கடைகளுக்குப் பேர்போன லண்டன் சாவில் ரோ தெருவின் மரபில் அளவெடுத்துத் தைக்கும் கம்பளி பேண்ட்டில், கால் தையல் போடுவதற்கு முன்பே பின்துண்டை ஈரமும் சூடும் கொடுத்துப் பழக்குகிறார்கள். உள்தொடை ஓரத்தை இழுத்து நீட்டுவார்கள். தொடையின் பின்னால் நடுக்கோட்டில் மிஞ்சும் துணியைச் சுருக்கி அடக்குவார்கள். அப்புறம் ஆறும்வரை தொடக்கூடாது. கம்பளி இழை கெரட்டின் புரதம். நீராவி பட்டால் அதன் ஹைட்ரஜன் பிணைப்புகள் விடுபடும், ஆறி உலரும்போது புது வடிவிலேயே மறுபடி சேரும். பருத்தி இப்படிப் பழகாது. நம் கண்டாங்கியை எவ்வளவு தேய்த்தாலும் மடிப்பு விழும், வளைவு நிற்காது.

இங்கே பெரும்பாலும் பாலியஸ்டர் கலந்த துணிதான் தைக்கிறோம். அதனால் இந்த வேலைக்குத் தனிச்சொல் தேவைப்படவில்லை. கல்யாணத்துக்குக் கம்பளி கோட்டு சூட்டு தைக்க வரும்போது மட்டும், நான் போகும் கடைப் பெரியவர் “தேய்ச்சு இழுத்து விடணும்” என்பார். அது பாதி வேலையைத்தான் சொல்கிறது, சுருக்குவது அதில் இல்லை.

என் பரிந்துரை ‘வாட்டம் கொடுத்தல்’. கட்டுச்சோற்றுக்கு வாழையிலையை அனலில் காட்டி வாட்டுகிறோம். வாட்டாத இலை மடித்தால் கிழியும், வாட்டிய இலை சொன்னபடி கேட்கும். மூங்கிலையும் வாட்டித்தான் நிமிர்த்துகிறார்கள். சூட்டால் இளக்கி வடிவத்துக்குக் கொண்டுவருவதற்குத் தமிழில் ஏற்கெனவே வினை இருக்கிறது. செட்டிநாட்டு வீட்டு முற்றத்தில் மழைத்தண்ணீர் ஓடத் தளத்தைச் சரிப்பதையும் கொத்தனார் ‘வாட்டம் கொடுப்பது’ என்றுதான் சொல்கிறார். கைக்கு வாட்டமாக இருக்கிறது என்றால் இசைவாக இருக்கிறது என்று பொருள். சூடு, சரிவு, இசைவு மூன்றும் ஒரே சொல்லில் கிடைக்கும்போது விட மனம் வரவில்லை.

‘முகவாட்டம்’ நினைவுக்கு வருமே என்று குழுவில் ஓர் அக்கா கேட்டிருந்தார்கள். நியாயமான கேள்வி. ‘வாட்டு’ என்பதும் ‘வாடு’ வழி வந்ததுதான். ஆனாலும் ‘கொடுத்தல்’ சேர்ந்தால் குழப்பம் தீர்கிறது. ‘வாட்டம் பிடித்தல்’ மட்டும் வேண்டாம். தையலில் ‘பிடிப்பது’ என்றால் இடுப்பைக் குறைப்பது.

பராமரிப்புக்கும் இச்சொல் உதவும். போன வருடம் என் கம்பளி பேண்ட்டைச் சலவைக்குக் கொடுத்தேன். முன்பின் மடிப்பை ஒரே நேர்கோடாக அழுத்தித் திருப்பிக் கொடுத்தார்கள். கெண்டைக்காலில் துணி மாட்டிக்கொண்டது, நடந்தால் மடிப்பு திருகியது. அளவு ஒரு நூல்கூட மாறவில்லை, வாட்டம் போய்விட்டது. இதைச் சொல்ல அன்று எனக்குச் சொல் இல்லாமல் “டைட்டா இருக்கு” என்றேன். பெரியவர் தையலைப் பிரிக்கக் கத்தரியை எடுத்துவிட்டார். பிறகு காலில் போட்டுக் காட்டியதும் புரிந்துகொண்டு, ஈரத்துணி விரித்து மறுபடி வாட்டம் கொடுத்தார்.

ஆக, பொதுச்சொல் ‘வாட்டம் கொடுத்தல்’. உட்பிரிவுகள் ‘இழுத்து வாட்டல்’, ‘சுருக்கி வாட்டல்’. சீட் தையலில், அதாவது பேண்ட்டின் பின்புற நடுத்தையலில், பிற்பாடு விரித்துக்கொள்ள உள்ளே விடும் துணிக்கு ‘விடுதுணி’ போதுமா என்பதையும் இந்த மடல் இழையிலேயே பேசிவிடலாம்.

அன்புடன்,
காரைக்குடியிலிருந்து