மழைக்காட்டு விதை, உண்ணிச்செடி, சருகு: ஜவ்வாது மலைப் பக்கம் மரம் வளர்ப்பவர்களுக்கு

குடியாத்தத்திலிருந்து

வால்பாறைப் பக்கத்திலிருந்து வரும் வெடிப்பிலா, வெள்ளைக் குங்கிலியம் என்ற மழைக்காட்டு மரங்களின் விதைகளைப் புங்கன் மாதிரியே வெயிலில் காயவைத்து டப்பாவில் போட்டு வைக்கிறார்கள். தை மாதம் விதைத்தால் ஒன்றுகூட முளைப்பதில்லை. காரணம் என்ன அண்ணா?

ஒடுகத்தூரிலிருந்து

காயவைத்ததுதான் தம்பி காரணம். புங்கன், கடுக்காய் எல்லாம் வறண்ட காட்டுச் சரக்கு, மழை வரும்வரை காத்துக் கிடக்கும். வருஷத்துக்கு 2,000 மி.மீ.க்கு மேல் மழை கொட்டுகிற காட்டில் அந்தக் காத்திருப்பே தேவையில்லை. விழுந்த விதை ஈரச் சருகுக்குள் சீக்கிரமே வேர் விட்டுவிடும். உள் ஈரம் போனால் கருவும் போச்சு. ஃப்ரிட்ஜில் வைத்தால் குளிரிலேயே செத்துவிடும்.

நம்ம ஊர் நாவலுக்கும் இதே குணம். ஆனி, ஆடியில் பழம் விழுந்ததும் சதையைக் கழுவி, நிழலில் மேல் ஈரம் மட்டும் உலரவிட்டு, இரண்டு நாளுக்குள் நாற்றுப் பையில் விதைத்துவிடுங்கள். பை மண்ணுக்குச் செம்மண் 2 பங்கு, மணல் 1, மக்கிய எரு 1. ஆழம் 2 செ.மீ. போதும், மேலே 50 சதவீத நிழல்வலை. ஒரே கொட்டையில் இரண்டு மூன்று முளை கிளம்பும். தடித்ததை விட்டு மற்றதைக் கத்தரியுங்கள். பிடுங்கினால் நல்லதன் வேரும் அறுந்துவிடும்.

மழைக்காட்டு மரத்தை இந்த மலையில் நடவே வேண்டாம். சித்திரை வெயிலைத் தாங்காது. ஓடைக்கரைக்கு நாவல், நீர்மருது, மேட்டுக்குக் கடுக்காய். காப்புக்காட்டில் விதை பொறுக்க வனத்துறை அனுமதி வேண்டும், மறக்காதீர்கள்.

ஆலங்காயத்திலிருந்து

நடுவதற்கு முன்னால் உண்ணிச்செடியைக் கவனியுங்கள். ஆனைமலை மழைக்காடுகளிலும் இதே தொல்லைதான். மேலே வெட்டினாலும் தீ வைத்தாலும் தூரிலிருந்து நாலு கிளையாகக் கிளம்பும், ஏனென்றால் துளிர்க்கும் இடம் தண்டும் வேரும் சேருகிற கழுத்து. மண்ணுக்குக் கீழே 3 முதல் 5 செ.மீ.யில் ஆணிவேரை வெட்டித் தூக்கி, வேர் மேலே இருக்கும்படி கவிழ்த்து வையுங்கள். தண்டு மண்ணில் படிந்து கிடந்தால் மறுபடி வேர் பிடிக்கும். காய் கறுப்பதற்குள் முடித்துவிட வேண்டும். பழத்தைத் தின்ற சின்னான் குருவி வந்து உட்கார்ந்து எச்சமிடும் மரத்தடியில், அடுத்த மழைக்குப் பிறகு குட்டிச் செடிகள் முளைத்திருக்கும். அதைக் கையாலேயே பிடுங்கலாம்.

காட்பாடியிலிருந்து

தாமிரபரணி கோடையிலும் ஓடுவதற்குப் பொதிகை மழைக்காடு பெரிய காரணம். அங்கே இரண்டு பருவமழையும் கிடைக்கிறது, ஆகவே பாலாற்றை அதோடு நேராக ஒப்பிடுவது நியாயமில்லை. ஆனால் காட்டுத் தரை தண்ணீரை எப்படிக் குடிக்கிறது என்பதை நம் மலையடிவாரத் தோப்பிலேயே பார்க்கலாம். அடியும் மூடியும் இல்லாத ஒரே அளவு டின் இரண்டு எடுங்கள். ஒன்றைச் சருகு மூடிய மண்ணிலும், இன்னொன்றை மாடு மிதித்து இறுகிய தடத்திலும் 5 செ.மீ. அழுத்தி, ஒவ்வொன்றிலும் 1 லிட்டர் ஊற்றுங்கள். சருகு மண் மளமளவென்று இழுத்துவிடும். கறையானும் மண்புழுவும் போட்ட துளைகள், மக்கிய வேரின் தடங்கள் எல்லாம் திறந்தே இருக்கும். தடத்தில் தண்ணீர் குளமாக நிற்கும்.

மாசி, பங்குனியில் சருகைக் கொளுத்தினால் தோப்பும் அந்தத் தடம் மாதிரிதான் ஆகும். முதல் மழைத்துளி வெறும் மண்ணில் அறைந்து, நைஸ் மண் துளைகளை அடைத்துவிடும். செய்யாறும் கமண்டல நாகநதியும் பிறக்கிற மலை இது, இங்கே கொளுத்துவதைப் பார்த்தால் மனசு பொறுக்கவில்லை.

டின் வைக்கும்போது சருகை ஒதுக்காதீர்கள். சுற்றிலும் கத்தியால் கீறிவிட்டு அழுத்துங்கள். இல்லையென்றால் ஓரம் வழியாகக் கசிந்து கணக்கு தப்பும். மழை பெய்த மறுநாளும் வேண்டாம்.