லாம்ப்ஸ்: நடுவில் 15 ஆங்ஸ்ட்ராம் குழி கேட்டால் முக்கால்வாசிப் படிகமும் அழிகிறது, உதவி தேவை

திருநகர்வாசி:
வணக்கம். மதுரையில் எம்.எஸ்சி. இயற்பியல், கடைசி செமஸ்டர். அலுமினியப் படிகத்தின் நடுவில் ஒரு கோளக் குழி வைத்து, பிறகு படிகத்தை இழுத்துப் பார்ப்பதுதான் ப்ராஜெக்ட். உபுண்டு டெர்மினலில் லாம்ப்ஸ் (அணுக்களின் இயக்கத்தைக் கணக்கிடும் மென்பொருள்) ஓட்டுகிறேன். கட்டளைகளை வாசிக்கிற மாதிரியே தமிழில் தட்டியிருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்:

யூனிட்ஸ் மெட்டல்
பவுண்டரி பி பி பி
லாட்டிஸ் எஃப்சிசி 4.05
ரீஜன் பெட்டி பிளாக் 0 25 0 25 0 25
கிரியேட்_பாக்ஸ் 1 பெட்டி
கிரியேட்_ஆட்டம்ஸ் 1 பாக்ஸ்
ரீஜன் குழி ஸ்பியர் 12.5 12.5 12.5 15
டிலீட்_ஆட்டம்ஸ் ரீஜன் குழி

முதலில் 62,500 அணுக்கள் சரியாக உருவாகின்றன. 15 ஆங்ஸ்ட்ராம் ஆரமுள்ள கோளத்தின் கன அளவை ஓர் அணுவுக்கான 16.6 கன ஆங்ஸ்ட்ராமால் வகுத்தால் 850 அணுக்கள் போல் போக வேண்டும். ஆனால் கிட்டத்தட்ட 50 ஆயிரம் போய்விடுகிறது. பிழைச் செய்தியும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. அணுக்களைப் படமாகக் காட்டும் ஓவிட்டோவில் திறந்தால் உள்ளே ஒன்றுமே இல்லை. கைடிடம் காட்டினேன், "ஸ்கிரிப்டைப் பாரு தம்பி" என்று போய்விட்டார். யாராவது சொல்லுங்களேன்.

சிம்மக்கல்:
ஓவிட்டோவில் மிச்சம் இருப்பது எப்படித் தெரிகிறது? முழுக்க மூலைத் துண்டுகளா, விளிம்புகளும் இருக்கின்றனவா?

திருநகர்வாசி:
விளிம்புகள் பன்னிரண்டும் இருக்கின்றன அக்கா. ஆறு பக்கமும் வட்ட ஜன்னல் வெட்டிய அட்டைப்பெட்டி மாதிரி இருக்கிறது.

சிம்மக்கல்:
அப்படியென்றால் குழி சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது, அளவுதான் பெரிது. ரீஜன் கட்டளை எண்களை ஆங்ஸ்ட்ராமாக எடுத்துக்கொள்வதில்லை. நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் லாட்டிஸ் அலகு, அதாவது அலகுக்கூடு (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் சிறு பெட்டி, இங்கே பக்கம் 4.05 ஆங்ஸ்ட்ராம்) கணக்கு. யூனிட்ஸ் மெட்டல் என்று மேலே எழுதியதால் தூரமெல்லாம் ஆங்ஸ்ட்ராம் என்று நினைப்பது இயல்பு. ரீஜனுக்கு அது செல்லாது.

உங்கள் ஆரம் 15 கூடு, 60.75 ஆங்ஸ்ட்ராம். பெட்டியின் பக்கம் 101.25, அதில் பாதி 50.625. ஆகவே கோளம் ஆறு முகங்களையும் துளைத்துக்கொண்டு வெளியே போகிறது. நடுவிலிருந்து விளிம்புக்கு மிகக் குறைந்த தூரம் 71.6 ஆங்ஸ்ட்ராம், அதனால் விளிம்புகள் தப்பித்தன. கணக்குப் போட்டால் 12,600 அணு மிஞ்ச வேண்டும். லாக் கோப்பில் பாருங்கள், அதை ஒட்டித்தான் இருக்கும்.

பெட்டி வரையும்போது 25 என்று கொடுத்ததும் 25 கூடாக வந்தது உங்களுக்கு வசதியாக இருந்ததல்லவா? அதே வழக்கம்தான் ஆரத்திலும். லாட்டிஸ் கட்டளைக்குப் பின் திரையில் லாட்டிஸ் ஸ்பேசிங் என்று 4.05 மூன்று முறை வரும். அந்த எண்ணால்தான் பெருக்குகிறது.

ரீஜன் வரியின் கடைசியில் யூனிட்ஸ் பாக்ஸ் என்று சேருங்கள்.

திருநகர்வாசி:
லாக்கில் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம்தான் மிச்சம், சரியாகச் சொன்னீர்கள். யூனிட்ஸ் பாக்ஸ் சேர்த்தேன், இப்போது 800 அணு அளவில் அழிகிறது. 850 எதிர்பார்த்தேன், பரவாயில்லை, ஓரங்களில் கொஞ்சம் ஏறக்குறைய வரும்தானே? நன்றி அக்கா!

நாகமலை_ஆய்வு:
தம்பி, அவசரப்படாதீர்கள். ஓரத்தால் 50 அணு குறையாது, அந்த 50 வேறு இடத்தில் இருக்கிறது. மறுபடி ஓவிட்டோவில் திறந்து, குழி எங்கே என்று பாருங்கள்.

திருநகர்வாசி:
மூலையில் இருக்கிறது அண்ணே! மூன்று முகங்களில் ஓட்டை தெரிகிறது.

நாகமலை_ஆய்வு:
யூனிட்ஸ் பாக்ஸ் அந்த வரியின் எல்லா எண்களுக்கும் சேர்த்துத்தான். மையம் 12.5 என்பதும் இப்போது 12.5 ஆங்ஸ்ட்ராம் ஆகிவிட்டது. ஆரம் 15 என்பதால் மூன்று முகங்களிலும் 2.5 ஆங்ஸ்ட்ராம் வெளியே நீட்டுகிறது. எல்லை பீரியாடிக்தானே (ஒரு பக்கம் வெளியேறும் அணு எதிர்ப்பக்கம் உள்ளே வரும்), நீட்டிய பாகம் எதிர்ப்பக்கம் போய் அங்கே வெட்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ரீஜன்கள் பீரியாடிக் எல்லையைச் சுற்றி வருவதில்லை. அதனால்தான் எண்ணிக்கை 850க்குப் பதில் 800. இப்படிப்பட்ட பிழைதான் ஆபத்து, எண்ணிக்கை கிட்டத்தட்ட சரியாக வந்து நம்மைத் தூங்க வைத்துவிடும். எண்ணைப் பார்த்தால் மட்டும் போதாது, படத்தையும் பாருங்கள்.

இரண்டு வழி இருக்கிறது. மையத்தையும் ஆங்ஸ்ட்ராமில் கொடுங்கள்:

ரீஜன் குழி ஸ்பியர் 50.625 50.625 50.625 15 யூனிட்ஸ் பாக்ஸ்

அல்லது யூனிட்ஸ் பாக்ஸை எடுத்துவிட்டு மையம் 12.5 என்றே வைத்து, ஆரத்தை 3.7037 ஆக்குங்கள், 15ஐ 4.05ஆல் வகுத்தது. எனக்கு முதல் வழிதான் பிடிக்கும், ஆய்வறிக்கையில் எழுதப்போகும் எண் ஸ்கிரிப்டிலும் அப்படியே இருக்கும்.

அப்புறம் இன்னொன்று. டிலீட்_ஆட்டம்ஸ் வரியில் கம்ப்ரஸ் நோ சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அழித்தபின் மிச்ச அணுக்களுக்கு ஐடியை 1லிருந்து புதிதாகப் போட்டுவிடும். குழி இல்லாத படிகத்தோடு அணுவுக்கு அணு ஒப்பிட்டு இடப்பெயர்ச்சி பார்க்க நினைத்தால் அப்போது எல்லாம் குழம்பிவிடும்.

தெப்பக்குளத்தான்:
படிகக் கோப்பு தயாரிக்கும் அட்டம்ஸ்க் இருக்க எதற்கு இந்தத் தொல்லை? கிரியேட் எஃப்சிசி 4.05 ஏஎல், டூப்ளிகேட் 25 25 25, செலக்ட் இன் ஸ்பியர், மையம் மூன்றுக்கும் 0.5*பாக்ஸ், ஆரம் 15, ரிமூவ்-ஆட்டம் செலக்ட். ஒரே வரி. மையத்தைப் பெட்டியின் பாதி என்று சொல்லிவிட்டால் போதும், தூரம் ஆங்ஸ்ட்ராம்தான். லாம்ப்ஸ் படிக்கிற கோப்பாகவே எழுதித் தரும். ஆனால் வரிசை மாறக் கூடாது, எழுதிய வரிசையில்தான் வேலை செய்யும். செலக்ட், ரிமூவ் இரண்டையும் டூப்ளிகேட்டுக்கு முன்னால் போட்டால், நாலு அணு உள்ள ஒற்றைக் கூடு முழுசும் அந்தக் கோளத்துக்குள் அடங்கிவிடும். அப்புறம் பெருக்க ஒரு அணுவும் மிஞ்சாது.

திருநகர்வாசி:
ஆங்ஸ்ட்ராமில் மையம் கொடுத்தேன், குழி நடுவில் வந்துவிட்டது, எண்ணிக்கையும் 850ஐ ஒட்டி இருக்கிறது. கடைசியாக ஒன்று: ஒப்பிடுவதற்கு ஒரே ஓர் அணுவை மட்டும் எடுத்து வேக்கன்ஸி (ஓர் அணு இல்லாத காலியிடம்) உருவாக்க ஆகும் ஆற்றல் பார்க்கச் சொல்கிறார் கைடு. அதே மையத்தில் ஆரத்தை 1 ஆங்ஸ்ட்ராம் ஆக்கினேன். ஒரு அணுவும் அழியவில்லை.

சிம்மக்கல்:
அழியாது. எஃப்சிசியில் (கூட்டின் மூலைகளிலும் முகங்களின் நடுவிலும் அணு உள்ள அமைப்பு) கூட்டின் நடுமையத்தில் அணு கிடையாது, அது ஆக்டாஹெட்ரல் காலியிடம். உங்கள் பெரிய குழியும் அதைச் சுற்றித்தான் நிற்கிறது, அதில் தவறில்லை. ஒற்றை அணு வேண்டுமானால் மையத்தை அணு இருக்கும் இடத்துக்கு நகர்த்துங்கள். லாட்டிஸ் அலகில் 12.5 12.5 12 ஓர் அணுவின் இடம். ஆங்ஸ்ட்ராமில் கடைசி எண் 48.6 ஆகும். அண்டை அணு 2.86 ஆங்ஸ்ட்ராம் தள்ளி இருப்பதால் ஆரம் 1 போதும், ஒன்றே ஒன்றுதான் போகும்.

ஆற்றலுக்கு இவ்வளவு பெரிய பெட்டி வேண்டாம், 10 × 10 × 10 போதும், 4,000 அணு. மையத்தையும் அந்தச் சின்னப் பெட்டிக்குள் ஓர் அணு இருக்கும் இடத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். லேப்டாப்புக்கும் நிம்மதி. அணுவை எடுத்தபின் மினிமைஸ் (ஆற்றல் குறையும் இடத்துக்கு அணுக்களை நகர்த்தும் கட்டளை) ஓட்டுங்கள். பிறகு 3,999 அணு உள்ள ஆற்றலிலிருந்து, முழுப் படிக ஆற்றலின் 3999/4000 பங்கைக் கழியுங்கள். முழு ஆற்றலை அப்படியே கழித்தால் ஓர் அணுவின் பிணைப்பு ஆற்றல், மூன்று எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல், கூடவே ஒட்டிக்கொண்டு வரும். அலுமினியத்துக்குச் சோதனையில் கிடைத்த மதிப்பு 0.67 எலக்ட்ரான் வோல்ட் அளவு. நல்ல ஈஏஎம் பொட்டென்ஷியல் (உலோக அணுக்களுக்கிடையிலான ஆற்றலைத் தரும் மாதிரி) என்றால் அதன் பக்கத்தில் வர வேண்டும். 4 எலக்ட்ரான் வோல்ட் வந்தால் முதலில் அந்தப் பங்கைச் சரிபாருங்கள்.

நாகமலை_ஆய்வு:
எந்த பொட்டென்ஷியல் கோப்பு எடுத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள் தம்பி. இழுக்கும்போது அடுத்த கேள்வி அதில்தான் வரும்.