கீசரைப் போட்டால் வாஷிங் மெஷினில் ஷாக்: ஆர்.சி.சி.பி.யைக் கழற்றியது சரிதானா?

மாடிவீட்டுக்காரர் (தஞ்சாவூர்):

அனைவருக்கும் வணக்கம். 2003-இல் கட்டிய எங்கள் வீட்டின் மேல் சென்ற ஆண்டு மாடி எழுப்பினோம். கீழ்த்தளத்து லைனிலிருந்தே மாடிக்கும் ஒயர் இழுத்தார்கள். மாடிக் குளியலறையில் 2,000 வாட் கீசர் மாட்டிய நாள் முதல், அதைப் போட்டவுடன் மெயின் பெட்டியில் இருந்த ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் கருவி) விழுந்து வீடே இருண்டுவிடும். வேலை செய்த எலக்ட்ரீஷியனை அழைத்தேன். "இதெல்லாம் நம் ஊர் லைனுக்கு ஒத்துவராது சார்" என்று சொல்லி, அதைக் கழற்றிவிட்டுச் சாதாரண ஐசொலேட்டர் ஒன்றை, அதாவது கையால் மட்டும் போட்டு அணைக்கும் மெயின் சுவிட்சை, பொருத்தினார். கீசர் ஒழுங்காக ஓடத் தொடங்கியது.

பிறகு, குளியலறையை ஒட்டி வைத்திருக்கும் வாஷிங் மெஷினைத் தொட்டால் விறுவிறுத்தது. அவரே மீண்டும் வந்து, பிளக் பெட்டியைத் திறந்து ஏதோ ஒரு துண்டு ஒயரைச் சேர்த்துவிட்டுப் போனார்; அதுவும் நின்றது. இப்போது இரண்டு வாரமாகப் புதிய சிக்கல். மெஷினின் சுவிட்ச் அணைந்திருக்கும்போதும், பக்கத்தில் கீசர் ஓடினால், ஈரக் கையோடு மெஷினைத் தொட்டவுடன் சுருக்கென்று பிடிக்கிறது. டெஸ்டர் வைத்தால் எரியவில்லை. "டெஸ்டரே எரியவில்லை, பிறகென்ன பயம்?" என்கிறார். இருபது ஆண்டு அனுபவம் உள்ளவர். நான்தான் அளவுக்கு மீறி அஞ்சுகிறேனா?

பழைய வயர்மேன்:

ஐயா, இதைப் படித்தவுடன் முதலில் கீசர், வாஷிங் மெஷின் இரண்டின் எம்.சி.பி.களையும் (அளவுக்கு மீறிக் கரண்ட் போனால் தானே விழும் சுவிட்சுகள்) இறக்கிவிடுங்கள். மெஷினின் பிளக்கைக் கழற்றியும் வையுங்கள். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

அவர் சேர்த்த துண்டு ஒயர் என்னவென்று நான் பார்க்காமலே சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன். மூன்று துளை பிளக்கின் நியூட்ரல் முனையையும் (கரண்ட் திரும்பிப் போகும் வழி) எர்த் முனையையும் அரை அங்குல ஒயரால் இணைத்திருப்பார். எங்கள் தொழிலில் இதை 'லூப் அடிப்பது' என்போம். எர்த் ஒயர் இழுக்காத இடத்தில் எர்த் இருப்பதுபோல் காட்டுவதற்கு இதைவிட மலிவான வழி இல்லை. ஆனால் எர்த் முனைக்குச் சுவிட்ச் கிடையாது. எனவே மெஷினை அணைத்தாலும் அதன் இரும்பு உடல் நியூட்ரலோடு ஒட்டிக்கொண்டேதான் இருக்கும்.

கீசர் ஓடும்போது மட்டும் ஷாக் அடிக்கிறது என்றீர்களே, அதில்தான் விஷயம் இருக்கிறது. மெஷினும் கீசரும் ஒரே நியூட்ரல் ஒயரில் தொங்குகின்றன. அந்த ஒயரில், மெயின் பெட்டிக்குத் திரும்பும் வழியில், எங்கோ ஒரு ஜாயின்ட் தளர்ந்திருக்கிறது. 2,000 வாட் கீசர் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் இழுக்கும். தளர்ந்த ஜாயின்டின் தடை வெறும் 2 ஓம் என்று வைத்துக்கொண்டாலும், அங்கே சுமார் 17 வோல்ட் விழும். லூப் வழியாக அந்த 17 வோல்ட்டும் மெஷின் உடலுக்கு வந்து சேரும். ஈரக் கைக்கு அது தெரியும். நியான் டெஸ்டருக்குத் தெரியாது, ஏனென்றால் அது எரிவதற்கே பல பத்து வோல்ட் வேண்டும்.

அந்த ஜாயின்டிலேயே அப்போது சுமார் 150 வாட் வெப்பம் எழுகிறது. சுண்டுவிரல் அளவு இடத்தில், இன்சுலேஷன் டேப்புக்குள், சுவருக்குள்ளே! அது ஒருநாள் முற்றிலும் அறுந்துவிட்டால், கரண்ட் கீசரின் காயில் வழியாக வந்து, திரும்பிப் போக வழியின்றி லூப் வழியே மெஷின் உடலில் முழு 230 வோல்ட்டாக நிற்கும். ஈர உடம்பின் தடையைச் சுமார் 1,000 ஓம் என்று கொண்டால் 230 மில்லி ஆம்பியர் பாயும். உயிர்காக்க வைக்கும் ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியருக்குள் விழுந்துவிடும். உங்கள் வீட்டில் அதுதான் இல்லை.

கொங்குநாட்டான்:

மேலே சொன்ன ஜாயின்ட் வெப்பத்தைப் பற்றி என் வீட்டில் பட்டதைச் சொல்கிறேன். நாங்கள் சைவம். ஒரு மழைக்காலத்தில் மூன்று நாள் மாலைதோறும் வீட்டுக்குள் கருவாடு சுடும் வாசம் வந்தது. என் தாயார் அக்கம்பக்கத்து வீடுகளையெல்லாம் குறை சொல்லி முடித்த பிறகுதான், ஏ.சி. ஓடும்போது மட்டுமே அந்த வாசம் வருகிறது என்பதைக் கவனித்தோம். சுவிட்ச் பெட்டியைத் திறந்தால், பிளக்கின் பின்பக்கம் பழுப்பேறி, ஒயரின் தோல் கருகி நொறுங்கிக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் பாகங்கள் சூடேறும்போது மீன் வாசம் வருவதுண்டு என்று பிறகு தெரிந்துகொண்டோம். விளக்குகளுக்குப் போன ஒன்றரை எம்.எம். ஒயரிலிருந்தே ஏ.சி.க்கும் கிளை எடுத்திருந்தார்கள். அதுவும் 32 ஆம்பியர் எம்.சி.பி.யின் கீழ். ஒயர் எரிந்து முடிந்தாலும் அந்த எம்.சி.பி. விழுந்திருக்காது. மாடிக்கு எத்தனை எம்.எம். ஒயர் இழுத்தார்கள், எந்த எம்.சி.பி. போட்டார்கள் என்பதையும் பார்த்துவிடுங்கள்.

சொந்தக்கை:

எல்லோரும் கொஞ்சம் மிகைப்படுத்துகிறீர்கள் என்று தோன்றுகிறது. எங்கள் தாத்தா காலத்து வீட்டில் பீஸ் கட்டை மட்டும்தான் இருந்தது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆர்.சி.சி.பி. மழைக்காலத்தில் காரணமில்லாமல் விழுவதையும் பார்த்திருக்கிறேன். எர்த் இருக்கிறதா என்று அறிய 100 வாட் பல்பு ஒன்று போதும். பேஸுக்கும் (கரண்ட் வரும் முனை) எர்த்துக்கும் இடையே பிடித்துப் பாருங்கள். பளிச்சென்று எரிந்தால் எர்த் நன்றாக இருக்கிறது என்று பொருள்.

பழைய வயர்மேன்:

பல்புச் சோதனையை நானும் ஒரு காலத்தில் நம்பியவன்தான். ஆனால் லூப் அடித்த பிளக்கில் பல்பு மிக அழகாக எரியும், ஏனென்றால் கரண்ட் நியூட்ரல் வழியாகத் திரும்பிவிடுகிறது. உண்மையான எர்த் இருந்தாலும் அது போதுமானதா என்று பல்பு சொல்லாது. எர்த் குழியின் தடை 50 ஓம் என்று வையுங்கள். 100 வாட் பல்பு அரை ஆம்பியர்கூட இழுப்பதில்லை. அதற்கு அந்த 50 ஓம் ஒரு பொருட்டே அல்ல. ஆனால் கீசரின் உடலில் பேஸ் தட்டிவிட்டால், அந்தக் குழி வழியாக அதிகபட்சம் 4.6 ஆம்பியர்தான் போகும். 16 ஆம்பியர் எம்.சி.பி. அதைக் கண்டுகொள்ளாது, கீசர் உடல் பேஸோடு அப்படியே நிற்கும். நம் வீடுகளுக்கு எம்.சி.பி.யோடு ஆர்.சி.சி.பி.யும் வேண்டும் என்று அடித்துச் சொல்வது இதனால்தான்.

தாத்தா வீட்டில் கீசர், வாஷிங் மெஷின், இண்டக்ஷன் அடுப்பு எல்லாம் இருந்தனவா என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

மழைக்காலத்தில் விழுவதற்கும் காரணம் உண்டு: சுவருக்குள் எங்கோ ஈரம் கசிகிறது. உள்ளே போகும் கரண்டும் திரும்பி வரும் கரண்டும் சமமா என்று பார்ப்பதுதான் அந்தக் கருவியின் வேலை; சமமில்லாவிட்டால் விழும். மாடிவீட்டுக்காரர் ஐயாவின் கீசரும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது: ஒன்று காயிலின் இன்சுலேஷன் கெட்டிருக்க வேண்டும், அல்லது கீசரின் நியூட்ரலை ஆர்.சி.சி.பி.க்கு வெளியே வேறொரு லைனிலிருந்து எடுத்திருக்க வேண்டும். வீடு முழுவதும் இருளாவதுதான் தொல்லையென்றால், தளத்துக்கு ஒன்றாகப் பிரித்துப் போடலாம்; கழற்றக் கூடாது. ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். ஒரு கையால் பேஸையும் மறு கையால் நியூட்ரலையும் பிடித்தவரை ஆர்.சி.சி.பி.யால் காப்பாற்ற முடியாது.

ஐயா, மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் தகுதிச் சான்று உள்ள வேறொருவரை அழையுங்கள். 500 வோல்ட் மெக்கரால் இன்சுலேஷனையும், உரிய கருவியால் எர்த் தடையையும் அளக்கச் சொல்லி, அளவுகளைத் தாளில் எழுதி வாங்குங்கள். மெக்கர் போடும்போது டி.வி., ஃப்ரிட்ஜ் போன்றவற்றின் பிளக்குகளைக் கழற்றிவிட வேண்டும்.

மாடிவீட்டுக்காரர் (தஞ்சாவூர்):

அனைவருக்கும் நன்றி. அன்று இரவே இரண்டையும் நிறுத்திவிட்டேன். சான்றிதழ் உள்ள வயர்மேன் நேற்று வந்து அரைநாள் பார்த்தார். பிளக்கைக் கழற்றியபோது, நீங்கள் சொன்னபடியே நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஒரு சிவப்புத் துண்டு ஒயர் இருந்தது. பச்சை ஒயர் மாடிக்கு வரவே இல்லை. மாடிப்படி அருகே பூச்சுக்குள் கையால் முறுக்கிய ஜாயின்ட் ஒன்று கிடைத்தது. அதன் மேல் சுற்றிய கறுப்பு டேப் இளகி வழிந்து, செம்பு நீலம் பாரித்திருந்தது. கீசர் காயிலின் இன்சுலேஷன் ஒரு மெகா ஓமுக்கும் வெகுவாகக் கீழே வந்தது. மாடிக்குப் போனது ஒன்றரை எம்.எம். ஒயர்.

கீசருக்குத் தனியாக நான்கு எம்.எம். ஒயரும் பச்சை ஒயரும் இழுத்து, தளத்துக்கு ஒரு ஆர்.சி.சி.பி. வைக்க முடிவாகியிருக்கிறது. காயிலை மாற்றக் கொடுத்துவிட்டேன். ஒரே ஒரு ஐயம்: பழைய எர்த் குழியின் மேல் நாங்கள் போர்ட்டிகோ டைல்ஸ் ஒட்டிவிட்டோம், தண்ணீர் ஊற்றி எத்தனை ஆண்டு ஆனதென்று தெரியவில்லை. அளந்தபோது 60 ஓமுக்கு மேல் காட்டியது. டைல்ஸை உடைக்க வேண்டுமா?

பழைய வயர்மேன்:

உடைக்க வேண்டாம். வீட்டுக்கு வெளியே, கிணற்றடி அல்லது துணி துவைக்கும் இடம்போல ஈரம் நிற்கும் பக்கமாகப் புதிய குழி ஒன்று எடுத்து, ஜி.ஐ. பைப் இறக்குங்கள், தண்ணீர் ஊற்றும் வாயை மூடியோடு வெளியே தெரியும்படி விடச் சொல்லுங்கள். அங்கிருந்து மெயின் பெட்டிக்கு வரும் ஒயரில் இடையில் ஜாயின்ட் இருக்கக் கூடாது. முடித்த பிறகு மறுபடி அளந்து, எண்ணை இங்கே எழுதுங்கள், பார்க்கலாம்.