1962 ஃபோர்ட் ஃபால்கன்: 144 கழற்றிட்டு 200 போடறதா, 250 போடறதா?

கேள்வி: மேடேறி
1962 ஃபால்கன், ரெண்டு கதவு. கம்பெனியில் வந்த 144 கன அங்குல ஆறு சிலிண்டர், ஸ்டியரிங் தண்டு கியரோட 3 ஸ்பீடு மேனுவல். மேட்டில் மூச்சு வாங்குது. வி8 வேண்டாம், நேர்வரிசை ஆறுதான் இருக்கணும். ரெண்டு எஞ்சின் விலைக்கு வந்திருக்கு: 1967 மஸ்டாங்கில் இருந்த 200, 1971 மேவரிக்கில் இருந்த 250. பெருசையே போட்டுட்டா ஒரே செலவோட முடியுமா? பின் ஆக்சில் தாங்குமா?

பதில்: ஏழு பேரிங்
200 எடுங்க. 144, 170, 200 மூணும் ஒரே குடும்பம், வெளி அளவு கிட்டத்தட்ட ஒண்ணுதான். உங்க மவுண்ட் பிராக்கெட்டையே புது பிளாக்குக்கு மாத்திக்கலாம். 144-இல் போர் (சிலிண்டர் விட்டம்) 3.50, ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகர்ற தூரம்) 2.50 அங்குலம், 200-இல் 3.68, 3.126. கம்பெனி கணக்குப்படி 85 குதிரைத்திறன் 120 ஆகுது.

பணம் கொடுக்கும் முன்னால பிளாக் பக்கவாட்டில் கோர் பிளக்கை (ஓட்டையை அடைக்கிற வட்டத் தகடு) எண்ணுங்க. மூணு இருந்தா 4 மெயின் பேரிங் (கிராங்கைத் தாங்குறது), அஞ்சு இருந்தா 7. உங்களுக்கு வேண்டியது அஞ்சு. "1967"னு விக்கிறவர் சொல்றதை விட இந்த எண்ணிக்கையை நம்பலாம்.

தலைவலி பின்பக்கம்தான். உங்க 144-க்குப் பெல் ஹவுசிங் (எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கிற கூடு) 4 போல்ட். 1966-லிருந்து வந்த 200-க்கு 6 போல்ட். பழைய பெல் அதில் ஏறாது. 6 போல்ட் பெல், நடுவில் வர்ற தகடு, ஃப்ளைவீல், கிளட்ச், ஸ்டார்ட்டர் எல்லாத்தையும் ஒரே மேனுவல் காரிலிருந்து செட்டா வாங்குங்க. ஒண்ணு ஒரு வண்டி, இன்னொண்ணு வேற வண்டின்னு சேர்த்தா ஸ்டார்ட்டர் பினியன் சரியா கடிக்காம ரிங் கியர் பல்லைத் தின்னுடும். மஸ்டாங் ஆட்டோமேட்டிக்கா இருந்திருந்தா கிராங்க் முனையில் பைலட் புஷ் (கியர்பாக்ஸ் தண்டு முனையைத் தாங்குற சின்ன வளையம்) இருக்காது, அதையும் அடிச்சு ஏத்தணும். மறந்தா கியர்பாக்ஸைத் திரும்ப இறக்க வேண்டியதுதான். ஃப்ளைவீல் போல்ட் 75-85 அடி-பவுண்டு.

1965 மாடல் 200 கிடைச்சா இந்தப் பாட்டே இல்லை: 7 பேரிங், ஆனா பழைய 4 போல்ட் பெல்.

பதில்: வேக்கம் கேஜ்
ஸ்பார்க்கைப் பிரிச்சுக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டரை யாரும் சொல்லலையே. 1967 வரைக்கும் வந்த இந்த எஞ்சின்களில் பொதுவா லோட்-ஓ-மேட்டிக் வகை டிஸ்ட்ரிபியூட்டர். அதில் எடைக்கல் கிடையாது, ஸ்பார்க் டைமிங் முன்னேறுறது முழுக்க வேக்கத்தால்தான் (எஞ்சின் உறிஞ்சுறதால் வர்ற வெற்றிடம்). அந்த வேக்கம் சரியா வரணும்னா ஸ்பார்க் கண்ட்ரோல் வால்வ் உள்ள கார்புரேட்டர் வேணும். இது பழசு, அது புதுசுன்னு கலந்தா வண்டி ஓடும், ஆனா ஆக்சிலேட்டரை மிதிச்சா திக்கும். பாதிப் பேர் ஜெட்டை மாத்தி மாத்திப் பார்த்து நொந்து போறது இதனாலதான்.

ரெண்டு வழி: டிஸ்ட்ரிபியூட்டர், கார்புரேட்டர் ரெண்டையும் பழைய ஜோடியாவே வைங்க. இல்லன்னா 1975-க்குப் பிந்தின டியூராஸ்பார்க் (எலக்ட்ரானிக்) டிஸ்ட்ரிபியூட்டர் போட்டு, சாதாரண போர்ட்டட் வேக்கம் (கார்புரேட்டர் த்ராட்டிலுக்கு மேலிருந்து எடுக்கிறது) கொடுங்க. அதோட ஆயில் பம்ப் தண்டுக்கான குழி 5/16 அங்குல அறுகோணம். ஆரம்பகால எஞ்சின்களில் தண்டு 1/4. போடறதுக்கு முன்னால அளந்துக்கோங்க. ஃபயரிங் ஆர்டர் மாறாது: 1-5-3-6-2-4.

பதில்: உயரம் பார்
250 ஆசை வர்றது நியாயம்தான், 1971-இல் 145 குதிரைத்திறன். ஆனா அந்த பிளாக் 200-ஐ விட 1.66 அங்குலம் உசரம். போனட் இடிக்கும், எக்ஸாஸ்ட் பைப்பை மறுபடி வளைக்கணும், மவுண்ட் புதுசா செய்யணும். பெல் அமைப்பு 302 வி8 மாதிரி, அதனால உங்க கியர்பாக்ஸ் போச்சு. டி-5 (மேனுவல்), சி-4 (ஆட்டோமேட்டிக்) கியர்பாக்ஸ் பொருந்தறது நல்ல விஷயம். ஆனா வி8 ஃப்ளைவீலை அப்படியே மாட்டிடாதீங்க, அதில் வெளி பேலன்ஸ் எடை இருக்கு. இந்த ஆறுக்குப் பூஜ்ய பேலன்ஸ் வேணும். கடைசல் பட்டறையில் கொடுத்துச் சரி பண்ணணும், இல்லன்னா எஞ்சின் உதறும்.

ஆக்சில்: உங்களுடையது 7.25 அங்குலம் (உள்ளே இருக்கிற பல்சக்கர விட்டம்), வீலுக்கு 4 நட். நிதானமா ஓட்டினா 200-ஐத் தாங்கும். 250-க்கு வி8 வண்டியோட 8 அங்குலம், 5 நட் பார்க்கணும். அப்போ முன் ஹப்பும் மாறும். எந்த எஞ்சினா இருந்தாலும் பிரேக்குக்கு ஒரே அறை உள்ள மாஸ்டர் சிலிண்டரை விட்டு ரெண்டு அறை உள்ளதுக்கு மாறுங்க, இதை மட்டும் தள்ளிப் போடாதீங்க.

மேடேறி:
சரி, 200தான். அஞ்சு பிளக் எண்ணிட்டேன். ஹெட் கேஸ்கட் போயிருக்கு, ஹெட்டைச் சீவலாமா?

பதில்: ஏழு பேரிங்
சீவணும். கம்பெனி கேஸ்கட் மெல்லிய ஸ்டீல், ஏறக்குறைய 0.025 அங்குலம். இப்போ கடையில் கிடைக்கிறது 0.050 பக்கம். சீவாம போட்டா கம்ப்ரஷன் இறங்கி 200 போட்ட பலனே தெரியாது. 0.025 சீவினா பழைய நிலைக்கு வரும், அதுக்கு மேல சீவினா புஷ்ராடு (வால்வை இயக்குற கம்பி) நீளம் பார்க்கணும். இதில் ஹைட்ராலிக் லிஃப்டர், ராக்கரில் அட்ஜஸ்ட்மென்ட் இல்லை. நீளம் கூடினா வால்வ் முழுசா மூடாது. ஹெட் போல்ட்டை 50, 60, கடைசியா 70-75 அடி-பவுண்டுன்னு நடுவிலிருந்து வெளியே முடுக்குங்க.

144 ஹெட்டை மட்டும் இதில் ஏத்திடாதீங்க, வால்வ் சின்னது. பின்னாளில் ஃபேர்மாண்ட்டில் வந்த 200 யாராவது மலிவா கொடுத்தா, அதோட சம்ப் (ஆயில் தேங்குற பள்ளம்) பின்பக்கம் இருக்கும். உங்க ஆயில் பேனையும் (அடித்தட்டு) சக்ஷன் குழாயையும் மாத்திப் போடணும்.