48 நாள் வேலையை 42 நாளில் முடிக்க: கட்டு வேலையைக் குறைப்பதில் ஒரு சந்தேகம்

நண்பர்களே, தளம் போட்டு முடிந்த இரண்டு தள வீடு. மீதி: கட்டு வேலை (சுவர் கட்டுவது) 14 நாள், பூச்சு 16, டைல்ஸ் 10, பெயிண்ட் 8, மொத்தம் 48. கதவு, ஜன்னல் தச்சு வேலை, கட்டு முடிந்து அளவெடுத்தபின் 23 நாள். கட்டு, தச்சு, பெயிண்ட் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போகும் அந்தப் பாதை 45 நாள். ஒரு நாள் குறைந்தால் சூப்பர்வைசர் சம்பளம், சாரம் வாடகை, தாமத அபராதம் எல்லாம் சேர்த்து 7,000 ரூபாய் மிச்சம்.

ஒரு நாள் குறைக்க ஆகும் கூடுதல் செலவு: பூச்சு 3,000, தச்சு 4,500, டைல்ஸ் 5,000, கட்டு 6,000. பெயிண்டில் கைவைக்க முடியாது, பட்டி காய்ந்தே ஆக வேண்டும்.

பூச்சில் 3 நாள் குறைத்தால் 45. பலர் தவறுவது இங்கேதான். நாலாவது நாளையும் பூச்சிலேயே குறைத்தால் 3,000 போகும், நாள் குறையாது. தச்சுப் பாதை பிடித்துக்கொள்ளும். இரண்டையும் சேர்த்துக் குறைத்தால் 7,500, கட்டுப்படியாகாது. இரு பாதைக்கும் பொதுவான கட்டு வேலையில் 3 நாள் குறைப்பதுதான் வழி. மொத்தச் செலவு 27,000, மிச்சம் 42,000.

சந்தேகம் அந்த 6,000-இல். இன்னொரு கொத்தனார் செட் இறக்கினாலும் ஒரே நாளில் ஒன்றரை மீட்டருக்கு மேல் சுவர் ஏற்றக் கூடாது, ஈரக் கலவை பளு தாங்காது. அப்படியென்றால் மூன்றாவது நாளுக்கும் அதே 6,000 போதுமா? பூச்சு 13 நாளாகச் சுருங்கும்போது, கீழ்த்தளம் முடித்து மேலே போவதற்குள் மேல்தளச் சுவருக்கு 7 நாள் தண்ணீர் விட்டிருக்க முடியுமா? இரண்டு செட் வைத்துச் செய்தவர்கள், எத்தனை கொத்தனார், எத்தனை சித்தாள், நாளுக்கு எத்தனை கல் ஓடியது என்று எழுதுங்கள்.