30 கிராம் கூடுதல் பிஸ்டன்: புல்லட் 350-க்குக் கணக்குப் போட வேண்டுமா?

பழையபுல்லட்:
பழைய வார்ப்பிரும்பு எஞ்ஜின் புல்லட் 350. போர் (சிலிண்டரின் உள் துளை) தேய்ந்து, அதைப் பெரிதாக்கி ஓவர்சைஸ் பிஸ்டனுக்குப் போக வேண்டிய நிலை. கிடைத்த புது பிஸ்டனை, அதைக் கனெக்டிங் ராடோடு கோக்கும் பின், ரிங் எல்லாம் சேர்த்துத் தராசில் வைத்தால் பழையதைவிட 30 கிராம் அதிகம். மெக்கானிக், "இதெல்லாம் ஒரு எடையா, போட்டு ஓட்டுங்க" என்கிறார். ஓட்டலாமா?

பட்டறைக்காரன்:
தாராளமா ஓட்டுங்க. 70 மி.மீ. போர். வெடிக்கும்போது 40 பார் அழுத்தம் என்று வைத்தாலும் பிஸ்டன் தலையில் 15,000 நியூட்டனுக்கு மேல் இறங்குகிறது. ஒன்றரை டன்! அதைத் தாங்குகிற ராடு (பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் தண்டு) 30 கிராமுக்கா அசரும்?

கோசைன்:
அண்ணே, ஒன்றரை டன் சரிதான். ஆனால் பிஸ்டனைக் கீழே தள்ளுகிற அதே காஸ், சிலிண்டர் ஹெட்டை மேலே தள்ளுகிறது. இரண்டும் எஞ்ஜினுக்குள்ளேயே கழிந்துவிடும். சேஸிஸுக்கு வருவது திருகல் மட்டும்தான். வண்டியை மேலும் கீழும் உலுக்குவது, பிஸ்டன் வேகம் மாறும்போது எழும் அதன் நிலைம விசை.

நிறை × கிராங்க் ஆரம் × கோண வேகத்தின் வர்க்கம் × (கோசைன் கோணம் + ஆரம்/ராடு நீளம் × கோசைன் இருமடங்கு கோணம்). இதுதான் சூத்திரம்; கோணம் என்றால் மேல் முனையிலிருந்து கிராங்க் திரும்பிய அளவு.

ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 90 மி.மீ., ஆரம் அதில் பாதி, 45. 4,000 ஆர்.பி.எம்.மில் கோண வேகம் நொடிக்கு 419 ரேடியன். ஆரத்தைக் கோண வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் முடுக்கம் 7,900 மீ/நொடி². புவியீர்ப்பைப்போல 800 மடங்கு. ஆரம்/நீளம் விகிதத்தைக் கால் என்று வைத்தால், மேல் முனையில் இரண்டாவது பகுதியும் சேர்ந்து 1,000 மடங்கு ஆகிறது. உங்கள் 30 கிராம் அங்கே 30 கிலோ. 5,000-க்கு முறுக்கினால் 47 கிலோ.

பட்டறைக்காரன்:
சரி, 30 கிலோ. ஒன்றரை டன்னில் இரண்டு சதவீதம். அதுக்கு இவ்வளவு கோசைனா?

கோசைன்:
அந்த ஒன்றரை டன் ராடை அமுக்குகிறது, இது இழுக்கிறது. எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக் முடிவில் பிஸ்டன் மேல் முனையில் நிற்கும்போது வால்வு திறந்திருக்கும், எதிர்த்து அமுக்கக் காஸ் கிடையாது. முழு இழுப்பும் ராடு மேல்தான். இரண்டையும் ஒரே தட்டில் வைத்துச் சதவீதம் பார்க்கக் கூடாது.

பட்டறைக்காரன்:
ஏறி இறங்குகிற எடை எவ்வளவு என்று முதலில் சொல்லுங்க. ராடில் மூன்றில் ஒரு பங்கு பிஸ்டனோடு, மீதி கிராங்கோடு என்று புத்தகத்தில் இருக்கும். அது குத்துமதிப்பு. ராடின் ஆட்டத்தையே இரண்டு புள்ளி எடையாகப் பிரித்துவிட்டு, மூன்று இலக்கத்துக்கு விடை சொல்வீங்க.

கிராங்க்வெப்:
குத்துமதிப்பு வேண்டாம் என்றால் தராசு இருக்கிறதே. ராடைக் கிடைமட்டமாகப் பிடித்து, பெரிய முனையை ஒரு தாங்கியிலும் சின்ன முனையைத் தராசிலும் வைத்தால் ஏறி இறங்கும் பங்கு தெரிந்துவிடும். ராடின் சுழல் நிலைமத்தில் சிறு பிழை மிஞ்சும். அது திருகலில் வருவது, உலுக்கலில் இல்லை.

எனக்கு ராடு முறியும் கவலை இல்லை, பேலன்ஸ்தான் கவலை. ஏறி இறங்கும் எடை அரைக்கிலோ, அதில் 60 சதவீதத்துக்குக் கிராங்கில் எதிர் எடை என்று வைப்போம். 30 கிராம் கூடினால் அது 57-க்குக் கீழே போகும். கூடிய உலுக்கல் முழுவதும் செங்குத்தாக வரும்.

பழையபுல்லட்:
அப்போ எதிர் எடையை 100 சதவீதம் ஆக்கிவிட்டால்?

கிராங்க்வெப்:
மேலும் கீழும் ஆடியது முன்னும் பின்னும் ஆடும், அவ்வளவுதான். சிங்கிள் சிலிண்டரில் கிராங்க் எடையால் உலுக்கலின் திசையை மாற்றலாம், ஒழிக்க முடியாது. அதனால்தான் 2020-இல் வந்த மீட்டியர் 350-இன் புது எஞ்ஜினில் எதிர்த்திசையில் சுழலும் பேலன்ஸர் ஷாஃப்ட் வைத்தார்கள். அதுவும் சூத்திரத்தின் முதல் பகுதிக்குத்தான். இருமடங்கு வேகத்தில் ஆடும் இரண்டாவது பகுதி அப்படியே இருக்கும்.

பட்டறைக்காரன்:
60-ஓ 57-ஓ, புல்லட்காரன் பின்புறத்துக்கு வித்தியாசம் தெரியாது. எஞ்ஜின் மவுண்டிங் போல்ட் லூசா என்று பாருங்க, பாதி ஆட்டம் அங்கேதான் இருக்கும். அப்புறம் எடை குறைக்கிறேன் என்று யாராவது பிஸ்டனை உள்ளே கடைந்தால், பின் உட்காரும் இடத்தில் கைவைக்க விடாதீங்க.

கோசைன்:
கடைசி வரிக்கு மட்டும் ஆமாம். மற்றதற்கு, அண்ணன் 5,000-இல் ஓட்டட்டும், பேசுவோம்.