உப்பு வண்டிக் கூரையில் கொக்கு உட்காரலாமா?

உப்பளத்தான்:
படம் சரியாக விழவில்லை, சொல்லியே காட்டுகிறேன். திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் பக்கத்து அகத்தியம்பள்ளிக்கு மீட்டர்கேஜில், அதாவது ஒரு மீட்டர் அகலப் பாதையில், உப்பு ஏற்றிய கூட்ஸ் வண்டிகளை நினைத்து ஒரு மாடல் வேகன் செய்தேன். அளவு 1:87 (நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு), நான்கு சக்கரம், 8 செ.மீ. நீளம். உள்கூடு சன்போர்டு என்கிற பிளாஸ்டிக் நுரை அட்டை, வெளிப்பலகைக்கு ஐஸ் குச்சி, போல்ட்டுக்கு ஊசி முனையில் தொட்டு வைத்த ஃபெவிகால் புள்ளி. தகரக் கூரை கிடையாது. உப்பளத்தில் குவியலைக் கீற்றால் மூடுவார்களே, அது மாதிரி சாக்கு நாரில் ஒரு கூரை. உச்சியில் நெட்டியில் செதுக்கிய கொக்கு. கதவோரம் ரயில் கார்டுக்குப் பதிலாகச் சுண்டுவிரல் நுனி அளவில் தலையாட்டி பொம்மை, வண்டி ஓடினால் தலையாட்டும். வேகன் எண் 1930. கடைசியில் ரெட் ஆக்ஸைடு பெயின்ட் அடித்து, மேலே முழுக்கத் துரு ஏற்றினேன். எப்படி இருக்கிறது?

மாயவரம் மீட்டர்கேஜ்:
கொலுவில் வைத்தால் முதல் பரிசு. ரயில் மாடல் என்று மட்டும் சொல்லாதீர்கள். கீற்று வேய்ந்த வேகன் எந்த ரயில்வேயில் ஓடியது? என்ஜின் புகைபோக்கியிலிருந்து ஒரு பொறி விழுந்தால் முடிந்தது கதை. எண் 1930 என்பது உப்பு சத்தியாகிரகம் என்று புரிகிறது. ராஜாஜியும் தொண்டர்களும் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்து போனார்கள் சார், கூட்ஸ் வண்டியில் போகவில்லை.

உப்பளத்தான்:
நடந்து போனவர்களை நினைத்து ஒரு எண் எழுதக் கூடாதா? இது என் கற்பனை ஊர். இங்கே கொக்குக்கு டிக்கெட் கிடையாது. ஆமாம், உங்கள் தண்டவாளம் என்ன அகலம்?

மாயவரம் மீட்டர்கேஜ்:
12 மி.மீ. மீட்டரை 87-ஆல் வகுத்தால் 11.5 வரும், 12 மி.மீ. கிட்டத்தட்ட சரி. நீங்கள் 16.5 மி.மீ. பாதையில் ஓட்டுகிறீர்கள் என்று போன வாரமே சொன்னீர்கள். 87-ஆல் பெருக்கிப் பாருங்கள், 1435 மி.மீ. அது நம் மீட்டர்கேஜும் இல்லை, 1676 மி.மீ. அகலப்பாதையும் இல்லை. சென்னை மெட்ரோவின் அகலம். உங்கள் உப்பு வண்டி கோயம்பேட்டுக்குத்தான் போகும்.

உப்பளத்தான்:
சிரித்துவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாகப்பட்டினம் – திருச்சிப் பாதையே 1860களில் அகலப்பாதையாக வந்து, 1870களில் மீட்டராகச் சுருங்கி, பிறகு மறுபடி அகலமானது. டெல்டாவே இரண்டு தடவை மனம் மாறியிருக்கிறது, என்னை மட்டும் ஏன் பிடிக்கிறீர்கள்? 12 மி.மீ. தண்டவாளத்தை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க என் சம்பளம் தாங்காது.

பொன்மலைப் பெண்:
அப்பா பொன்மலை ரயில் பட்டறையில் வேலை பார்த்தவர், அதனால் துரு எனக்கு வீட்டு விஷயம். அகலத்தை விடுங்கள், கொக்கும் இருக்கட்டும். அண்ணே, பலகைக்கு ஐஸ் குச்சி என்கிறீர்கள், அதன் மேலேயே முழுக்கத் துரு ஏற்றினேன் என்கிறீர்கள். மரம் என்றைக்குத் துருப்பிடித்தது?

உப்பளத்தான்:
...கற்பனை ஊர் என்று சொன்னேனே.

பொன்மலைப் பெண்:
கற்பனை ஊரிலும் மழை மேலிருந்துதானே பெய்யும்? பலகை வெயிலில் வெளுத்துச் சாம்பல் நிறமாகும். துரு, இரும்பு இருக்கும் இடத்தில்தான் தொடங்கும். போல்ட்டுத் தலையிலிருந்து பலகை மேல் ஒரு மெல்லிய கோடாகக் கீழே இறங்கும். உப்பு மூட்டை ஈரத்தை இழுத்துக் கசியும், அந்தத் தண்ணீர் தரை இடுக்கில் தேங்கும். அதனால் உப்பு வண்டியில் கதவின் கீழ்விளிம்பும் அடிச்சட்டமும்தான் முதலில் போகும். பழைய துரு கரும்பழுப்பு, புதியதுதான் ஆரஞ்சு. எல்லா இடத்திலும் ஒரே ஆரஞ்சு என்றால் அது துரு இல்லை, கேசரி.

செய்கிற வழியும் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. சட்டத்தைத் தனியாக எடுத்துக் கரும்பழுப்பு அடியுங்கள், காய்ந்ததும் பளபளப்பில்லாத மேட் வார்னிஷ். லேசாக நனைத்துக் கல்லுப்பை நுணுக்கித் தூவுங்கள். தூள் உப்பு வேண்டாம், பொரிபொரியாக ஒரே அளவில் விழும். உப்பு காய்ந்து ஒட்டியதும் ரெட் ஆக்ஸைடு. அதுவும் காய்ந்த பிறகு பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தால் உப்பு உதிரும், அந்த இடத்தில் பெயின்ட் பெயர்ந்து அடியில் துரு தெரியும். நன்றாகக் கழுவிவிடுங்கள். ஐப்பசி ஈரத்தில் மிச்ச உப்பு வெள்ளையாகப் பூத்துவிடும், எனக்கு ஒரு வேகன் அப்படிப் போனது.

அப்புறம், எடை எவ்வளவு?

உப்பளத்தான்:
40 கிராம். வளைவில் சாய்கிறது. கூரைக்குள் களிமண் வைத்தேன்.

மாயவரம் மீட்டர்கேஜ்:
கூரைக்குள்ளா! இந்த அளவு வண்டிக்கு அமெரிக்க ரயில் மாடல் சங்கம் சொல்லும் கணக்கு 1 அவுன்ஸ், அதோடு நீளத்தில் அங்குலத்துக்கு அரை அவுன்ஸ். உங்கள் வண்டிக்குச் சுமார் 73 கிராம் வரும். களிமண்ணை எடுங்கள். மீன்வலை ஈயக்குண்டை நசுக்கித் தரையில் ஒட்டுங்கள், கடலோரத்தில் இருந்துகொண்டு ஈயத்துக்கா பஞ்சம்?

உப்பளத்தான்:
செய்கிறேன். பலகைத் துருவையும் சுரண்டிக்கொண்டிருக்கிறேன். கீற்றும் கொக்கும் பொம்மையும் இருக்கும், அதில் பேச்சே கிடையாது.

மாயவரம் மீட்டர்கேஜ்:
கீற்று தவறுதான், கடைசி வரை சொல்வேன். இருந்தாலும் ஒன்று கேட்கிறேன். கொக்கு தினமும் அதே இடத்தில் உட்காருகிறது என்று வைத்துக்கொண்டால், அதன் எச்சம் எங்கே? கீற்றில் வெள்ளைக் கோடு இறங்க வேண்டாமா?

உப்பளத்தான்:
சுண்ணாம்பு குழைத்தாகிவிட்டது.